31.25 கிலோ சிப்பம் 3.5 கிலோ ஆன கதை: எடை மெஷினை யூ.எஸ்.பி. வழியாக லேப்டாப்போடு பேச வைத்த அனுபவம்

ஈரோட்டை அடுத்த சித்தோட்டில் மாமாவுக்கு வெல்ல மண்டி. ஆலைக்கொட்டகைகளிலிருந்து வெல்லம் சிப்பம் சிப்பமாக வந்து இறங்கும், ஒரு சிப்பம் சுமாராக 30 கிலோ. ஆள் தூக்கிப் பிளாட்பாரம் மெஷினில் வைப்பார், கணக்குப்பிள்ளை சிவப்பு எண்களைப் பார்த்து நோட்டில் எழுதுவார், சாயங்காலம் அதே நோட்டைப் பார்த்து லேப்டாப்பில் இன்னொரு முறை தட்டுவார். இரண்டாவது முறை தட்டும்போதுதான் தப்பு வரும். போன பொங்கலுக்கு முன்னால் வெல்லம் குவிந்த நேரத்தில் ஒரே நாளில் நாலு சிட்டை தப்பாகப் போய், விவசாயிகளோடு பேசிப் பேசி மாமாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"ஏன் மாப்ளே, மெஷின் பொட்டிக்குப் பின்னால ஒரு ஓட்டை இருக்குதே, அதுல கம்ப்யூட்டர மாட்ட முடியாதா?" என்று கேட்டார். அந்த ஓட்டை ஒன்பது பின் கொண்ட பழைய சீரியல் போர்ட், அதாவது தகவலை 1, 0 என்று பிட்டு பிட்டாக ஒரே கம்பியில் அனுப்பும் இணைப்பு. நான் பார்த்துவிட்டு, "அரை நாள் வேலைங்க மாமா" என்று சொன்னேன். பதினோரு நாள் ஆனது. அதில் பாதிக்கு மேல் நான் தப்பான இடத்தில் தோண்டிக்கொண்டிருந்த நாட்கள், அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

முதல் சிக்கல், மெஷினின் கையேடு எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. பெட்டியைத் திறந்து உள்ளே பார்க்கலாம் என்றால் எடையளவு முத்திரை போட்டிருக்கிறது, அதை உடைத்தால் மறுபடி முத்திரை வாங்கும் வரை மண்டியில் எடை போட முடியாது. ஆக என்ன வேகத்தில், என்ன வடிவத்தில் தகவல் வருகிறது என்பதை வெளியிலிருந்தே கண்டுபிடிக்க வேண்டும்.

என் டப்பாவில் அர்டுயினோ என்கிற சின்னக் கணினிப் பலகைக்காக வாங்கிய, யூ.எஸ்.பி.யையும் சீரியலையும் இணைக்கும் சி.எச்.340 சில்லு வைத்த பலகை ஒன்று இருந்தது. ஒரு பக்கம் யூ.எஸ்.பி., மறுபக்கம் நாலு பின். இப்படிப்பட்ட பாலச் சில்லு என்ன செய்கிறது என்பதை முதலிலேயே சரியாகப் புரிந்துகொண்டால் பின்னால் நிறைய நேரம் மிச்சமாகும். யூ.எஸ்.பி. கம்பியில் நொடிக்கு 9600 பிட், 2400 பிட் என்று எந்த சீரியல் வேகமும் ஓடுவதில்லை. அங்கே போவது வருவது எல்லாம் பொட்டலங்கள். நாம் பைத்தான் நிரலில் எழுதும் 9600 என்ற எண், டிரைவர் (சில்லோடு பேசும் மென்பொருள்) வழியாகச் சில்லுக்கு ஒரு கட்டளையாகப் போகிறது, சில்லு தன் கடிகாரத்தை அந்த எண்ணுக்கு ஏற்ப வகுத்துக்கொண்டு மறுபக்கத்துக் கம்பியில் பிட்டு பிட்டாக எண்ணத் தொடங்குகிறது. நாம் சொல்லும் எண் தப்பென்றாலும் அது ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் தப்பாகவே எண்ணும். எதிர்முனையில் இருப்பவர் என்ன வேகத்தில் பேசுகிறார் என்று அதற்குத் தெரியாது, கேட்கவும் கேட்காது.

அந்தப் பலகையை மெஷினில் நேராக மாட்டப் போனவன், நல்ல வேளையாக மல்டிமீட்டரை எடுத்தேன். ஐந்தாவது பின் தரை. அதோடு ஒப்பிட்டால் மூன்றாவது பின்னில் ஏறக்குறைய பூஜ்யம், இரண்டாவது பின்னில் மைனஸ் 8 வோல்ட் சொச்சம். இந்த ஒரு அளவீட்டிலேயே இரண்டு விஷயம் தெரிந்துவிடுகிறது. சும்மா இருக்கும்போது மைனஸ் காட்டும் பின்தான் பேசுகிற பின், ஆக மெஷின் இரண்டாவது பின்னில் பேசுகிறது. அப்புறம், இது உண்மையான ஆர்.எஸ்.232, அதாவது பழைய சீரியல் இணைப்புகளின் மின்னழுத்த வழக்கம். அந்த வழக்கத்தில் 1 என்றால் மைனஸ் 3 முதல் மைனஸ் 15 வோல்ட் வரை, 0 என்றால் பிளஸ் 3 முதல் பிளஸ் 15 வரை. என் பலகைக்கோ 1 என்றால் 5 வோல்ட் அல்லது 3.3, 0 என்றால் பூஜ்யம். அளவும் வேறு, தலைகீழும் வேறு. நேராக மாட்டியிருந்தால் சில்லு போயிருக்கும். நடுவில் ஒரு மேக்ஸ்3232 பலகை வைத்தேன். சின்னச் சின்ன கெப்பாசிட்டர்களை மாற்றி மாற்றிச் சார்ஜ் செய்து, 3.3 வோல்டிலிருந்தே பிளஸ் மைனஸ் இரண்டையும் தயாரித்துக்கொள்ளும் சில்லு அது. கடையில் கிடைக்கும் ஒன்பது பின் யூ.எஸ்.பி. கேபிள்களில் இந்த வேலை தலைப்பகுதிக்குள்ளேயே நடந்துவிடும், அவசரக்காரர்கள் அதையே வாங்கலாம்.

மாட்டுவதற்கு முன்னால் பலகையின் அனுப்பும் பின்னையும் வாங்கும் பின்னையும் ஒரு கம்பியால் இணைத்து, தட்டுகிற எழுத்து திரும்பி வருகிறதா என்று பார்ப்பது என் பழக்கம். அதற்கே வழியில்லாமல் போனது. பலகையைச் செருகினால் டி.டி.ஒய்.யூ.எஸ்.பி.0 என்று ஒரு போர்ட் ஒரு நொடி தோன்றி, அடுத்த நொடி காணாமல் போகிறது. கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன், பலகையைக்கூடத் திட்டினேன். கெர்னல் பதிவைப் படித்த பிறகுதான் புரிந்தது: அந்த லேப்டாப்பில் இருக்கும் லினக்ஸ் வகையான உபுண்டு 22.04இல் பி.ஆர்.எல்.டி.டி.ஒய். என்று பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெய்ல் திரைகளுக்கான மென்பொருள் ஒன்று இயங்குகிறது. ஏதோ ஒரு பிரெய்ல் கருவியும் இதே சி.எச்.340 சில்லின் அடையாள எண்ணான 1ஏ86, 7523 என்பதையே பயன்படுத்துவதால், செருகியதும் "இது என்னுடையது" என்று அந்த மென்பொருள் பிடுங்கிக்கொள்கிறது. மண்டி லேப்டாப்பில் அதற்குத் தேவை இல்லை, எடுத்துவிட்டேன். தேவைப்படுகிறவர்கள் அந்த ஒரு அடையாள எண்ணுக்கான யூடெவ் வரியை (கருவியைச் செருகியதும் என்ன செய்வது என்று சொல்லும் விதி) மட்டும் அணைத்தால் போதும். பயனரை, சீரியல் போர்ட்டைத் திறக்க அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் சேர்க்கும் சடங்கையும் முடித்துவிட்டு, ஒருமுறை வெளியேறி மறுபடி நுழைந்தேன்.

இனி கேட்க வேண்டியதுதான். எனக்கு வாங்க மட்டும் போதும், மெஷினுக்கு எதையும் அனுப்பத் தேவையில்லை, அது தானாகவே ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஆக இரண்டே கம்பி: தரை, பேச்சு. 9600 என்று வைத்துத் திறந்தால் திரை முழுக்கக் குப்பை. 4800, வேறு குப்பை. 2400, அட, எஸ் என்ற எழுத்து தெரிகிறது, பிளஸ் குறி தெரிகிறது, 0.00 என்று பூஜ்யங்கள் தெரிகின்றன!

இங்கே ஒரு சின்ன விலகல். 9600இல் வந்த குப்பையைச் சேமித்து வைத்திருந்தேன், பிறகு ஒரு நாள் அதை ஹெக்ஸில் (பதினாறடிமான எண்களாக) பார்த்தால் பெரும்பாலும் நாலே நாலு மதிப்புகள்தான்: 00, 78, 80, எஃப்8. யோசித்தால் காரணம் அழகாக இருக்கிறது. 2400இல் வரும் ஒரு பிட், 9600இல் எண்ணுகிறவனுக்கு நாலு பிட்டாகத் தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் எப்போதும் 0 ஆக வரும் தொடக்க பிட்டு, நாலு பூஜ்யமாக நீளும். அதில் முதலாவதைத் தொடக்கம் என்று எடுத்துக்கொண்டால் மீதி மூன்று பூஜ்யம், அப்புறம் உண்மையான முதல் பிட் நாலு தடவை, அப்புறம் இரண்டாவது பிட்டின் ஒரு துண்டு. ஒரு பைட் என்றால் எட்டு பிட், அவ்வளவுதான் அதில் இடம். இரண்டு பிட்டுக்கு நாலு சாத்தியம், நாலு மதிப்பு. முதலிலேயே ஹெக்ஸில் பார்த்திருந்தால் "நாலு மடங்கு வேகமாகக் கேட்கிறாய்" என்று அந்தக் குப்பையே சொல்லியிருக்கும், ஒவ்வொரு வேகமாகத் தட்டிப் பார்த்திருக்க வேண்டாம்.

சரி, 2400க்கு வருவோம். ஒவ்வொரு வரியிலும் நடுநடுவே இரண்டு மூன்றாகக் கோணல் எழுத்துகள் இருந்தன. அவற்றை நான் பொருட்படுத்தவில்லை, மெஷின் தயாரித்தவர்கள் ஏதோ தனிக்குறி போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பைத்தானின் சீரியல் நூலகமான பைசீரியலில் ஒரு வரியைப் படித்து, ஆஸ்கியாக (0 முதல் 127 வரையான எண்களுக்கு எழுத்து தரும் குறியீடு) மாற்றி, பிளஸ் குறிக்குப் பின்னால் வரும் இலக்கங்களையும் புள்ளியையும் எடுத்து எண்ணாக்கும் பத்து வரி நிரல் எழுதினேன். ஆஸ்கியாக மாற்றும்போது அந்தக் கோணல் எழுத்துகளால் பைத்தான் முரண்டு பிடித்தது. உடனே, பிழை வந்தால் அந்த எழுத்தை விட்டுவிடு என்கிற 'இக்னோர்' சொல்லைச் சேர்த்தேன். நிரல் அமைதியாகிவிட்டது. அந்தப் பதினோரு நாளில் நான் செய்த மிகப் பெரிய முட்டாள்தனம் அந்த ஒரு சொல்தான்.

காலித்தட்டு: 0.00. சரி. மூலையில் கிடந்த 5 கிலோ படிக்கல்லை வைத்தேன்: 5.00. சரி. முதல் சிப்பம்: மெஷினில் 30.35, லேப்டாப்பில் 30.35. மாமா முதுகில் தட்டினார். அடுத்தது மெஷினில் 30.45, லேப்டாப்பில் 30.5. ஏதோ முழுமையாக்குகிறது போல என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அடுத்தது 30.72, லேப்டாப்பில் 30.0. எனக்கு வேர்த்தது. அடுத்தது 31.25, லேப்டாப்பில் 3.5. அதற்கடுத்தது 29.80, லேப்டாப்பில் 9.0.

"என்ன மாப்ளே, இருபது கிலோ வெல்லத்த லேப்டாப்பு தின்னுடுச்சா?" மாமா கேட்டதும் மூட்டை தூக்குகிற அண்ணன்கள் எல்லோரும் சிரித்தார்கள். கணக்குப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை, பேசாமல் நோட்டைத் திறந்து 29.80 என்று எழுதினார்.

சில சிப்பம் சரியாக வருகிறது, சில சிப்பம் தப்பு. இப்படி விட்டுவிட்டு வந்தால் நமக்கெல்லாம் முதலில் தோன்றுவது லூஸ் கனெக்‌ஷன். இரண்டு நாள் அதன் பின்னால் போனேன். பற்றவைப்பை எடுத்து மறுபடி வைத்தேன், தரைக் கம்பியைத் தடிமனாக்கினேன், மேக்ஸ்3232 பலகை கோளாறோ என்று இன்னொன்று வாங்கினேன். பக்கத்துக் கட்டடத்தில் வெல்டிங் நடந்துகொண்டிருந்தது, அதன் இரைச்சல்தான் என்று மாமாவிடம் சொல்லியும் விட்டேன். அவர் போய் அவர்களிடம் ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லிக் கேட்டார், பாவம், அவர்களும் நிறுத்தினார்கள். அப்போதும் 31.25 கிலோ 3.5 கிலோவாகத்தான் வந்தது.

அங்கேதான் மண்டையில் உறைத்தது. இரைச்சலாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மாதிரி தப்பாக வர வேண்டும். இங்கே 31.25ஐ எத்தனை தடவை எடுத்து வைத்தாலும் 3.5 தான். கச்சிதமாக, மாறாமல் வருகிற தப்பு கம்பியில் இருக்காது.

அந்த 'இக்னோர்' சொல்லை எடுத்துவிட்டு, வருகிற பைட்டுகளை அப்படியே ஹெக்ஸில் பதிய வைத்தேன், ராத்திரி வீட்டுக்கு வந்து அந்தப் பதிவை உட்கார்ந்து பார்த்தேன். ஒரு காகிதத்தில் பூஜ்யம் முதல் ஒன்பது வரை எழுதி, எதெது சரி எதெது தப்பு என்று டிக் போட்டேன். 0, 3, 5, 6, 9 எப்போதும் சரி. 1, 2, 4, 7, 8 எப்போதும் தப்பு. ஒன்று என்பதற்கு 31 வர வேண்டிய இடத்தில் பி1 வருகிறது, இரண்டுக்கு 32க்குப் பதில் பி2. எல்லாத் தப்பிலும் கூடியிருப்பது சரியாக 128, அதாவது உச்சியில் இருக்கும் ஒரே ஒரு பிட்.

ஒன்று என்ற எழுத்தை ஆஸ்கியில் ஏழு பிட்டாக எழுதினால் 0110001, அதில் மூன்று 1. மூன்று என்ற எழுத்து 0110011, நாலு 1. சரியாக வருகிற எழுத்துகளில் எல்லாம் 1களின் எண்ணிக்கை இரட்டைப்படை, தப்பாக வருகிறவற்றில் எல்லாம் ஒற்றைப்படை. அவ்வளவுதான் விஷயம்: மெஷின் ஏழு பிட்டில் பேசி, 1களின் மொத்த எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாக வரும்படி எட்டாவதாக இரட்டைப் பாரிட்டி பிட் என்கிற பிழை காட்டும் பிட் ஒன்றைச் சேர்த்து அனுப்புகிறது. நானோ எட்டு பிட், பாரிட்டி இல்லை என்று வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தொடக்கம் ஒன்று, ஏழு, பாரிட்டி ஒன்று, முடிவு ஒன்று என்றாலும் பத்து பிட். தொடக்கம் ஒன்று, எட்டு, முடிவு ஒன்று என்றாலும் பத்து பிட். நீளம் ஒத்துப்போவதால் சில்லுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை, பாரிட்டி பிட்டை எட்டாவது தகவல் பிட்டாக எடுத்துக்கொண்டு கொடுத்துவிட்டது.

நான் சோதித்த லட்சணத்தைப் பாருங்கள். காலித்தட்டில் எல்லாமே பூஜ்யம், நல்ல எழுத்து. 5 கிலோ கல், நல்ல எழுத்து. பக்கத்திலேயே 10 கிலோ கல்லும் இருந்தது, குனிந்து தூக்கச் சோம்பல்பட்டு விட்டேன். அதை வைத்திருந்தால் 1 உதிர்ந்து 0.00 காட்டி அன்றைக்கே காட்டிக்கொடுத்திருக்கும். 30 என்பதும் நல்ல எழுத்துகளே. வரி முடிவைக் குறிக்கும் எல்.எஃப். எழுத்திலும் இரண்டு 1 இருப்பதால் அதுவும் ஒழுங்காக வந்து, வரி வரியாகப் படிப்பதிலும் குறையே தெரியவில்லை. மீதியை 'இக்னோர்' விழுங்கிவிட்டது. 30.45இல் நாலு உதிர்ந்தால் 30.5. நம்பும்படியான தப்பு. மண்டியில் யாரும் பக்கத்தில் நின்று ஒப்பிடாமல் இருந்திருந்தால் அது கணக்கில் ஏறியிருக்கும்.

தீர்வு இரண்டு வழியில் வரலாம். பைசீரியலில் ஏழு பிட், இரட்டைப் பாரிட்டி என்று சொல்லிவிட்டால் முடிந்தது. நான் முதலில் அப்படித்தான் செய்தேன், பத்து கிலோ கல் பத்து கிலோவாகவே வந்தது. ஆனால் அதில் ஒரு குறை. லினக்ஸில் பைசீரியல் போர்ட்டைத் திறக்கும்போது, உள்ளே வருவதன் பாரிட்டியைச் சோதிக்கும் அமைப்பை அணைத்துவிடுகிறது. பாரிட்டி தப்பாக வந்த எழுத்தும் நல்ல எழுத்து போலவே கைக்கு வந்துவிடும். மெஷின் மெனக்கெட்டு அனுப்பும் காவல் பிட்டை வாசலிலேயே தூக்கிப் போடுவது மாதிரி. அதனால் மறுபடி எட்டு பிட், பாரிட்டி இல்லை என்றே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பைட்டிலும் 1களை நானே எண்ணுகிறேன். ஒற்றைப்படை என்றால் அந்த வரி முழுவதும் குப்பைக்கு. இரட்டைப்படை என்றால் உச்சி பிட்டை வெட்டிவிட்டு மீதி ஏழை எடுத்துக்கொள்கிறேன். நாலு வரி நிரல்தான், அதிலும் ஒன்று வெறும் எண்ணிக்கை.

கோணல் எழுத்துகள் நேரானதும் முழு வரியும் தெரிந்தது. எஸ்.டி. அல்லது யூ.எஸ். என்று இரண்டெழுத்து, காற்புள்ளி, என்.டி., காற்புள்ளி, பிளஸ், இரண்டு இடைவெளி, எடை, கே.ஜி., வரி முடிவுக்கு இரண்டு எழுத்து. மொத்தம் 18 பைட். எஸ்.டி. என்றால் எடை நிலைத்துவிட்டது, யூ.எஸ். என்றால் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. முதல் நாள் அந்த "தனிக்குறி"களை ஏளனம் செய்யாமல் பார்த்திருந்தால் இதுவும் அன்றே கிடைத்திருக்கும்.

அப்புறம் கணக்குப்பிள்ளைக்காக ஒரு சின்னத் திரை செய்தேன். விவசாயி பெயர், ஒரு பெரிய பட்டன், அழுத்தினால் எடை ஏறும். அதில் அடுத்த கூத்து. முதல் சிப்பத்துக்கு 30.15, இரண்டாவதற்கும் 30.15, மூன்றாவதற்கும் 30.15. மெஷினில் எண் மாறுகிறது, திரையில் மாறவில்லை. இது எனக்கு உடனே புரிந்தது என்று சொல்லிக்கொள்ளச் சந்தோஷம். மெஷின் நொடிக்கு ஏழெட்டு வரி கொட்டிக்கொண்டே இருக்கிறது, நான் பட்டனை அழுத்தும்போது மட்டும் ஒரு வரி எடுக்கிறேன். மீதி எல்லாம் லினக்ஸின் டி.டி.ஒய். பஃபரில் வரிசையில் நிற்கின்றன, அதன் கொள்ளளவு 4096 பைட், இருநூற்றுச் சொச்சம் வரி. நிரம்பிவிட்டால் புதியதற்கு இடமில்லை. நான் எடுப்பதெல்லாம் வரிசையின் தலையில் இருக்கும் பழைய சோறு. பட்டனை அழுத்தும் முன் பஃபரைக் காலி செய்யும் 'ரீசெட் இன்புட் பஃபர்' போட்டு, அதன்பின் வரும் முதல் அரை வரியை எறிந்துவிடலாம். நான் அதையும் விட்டு, நிரலுக்குள் பின்னணியில் ஓடும் தனி இழை ஒன்று ஓயாமல் படித்துக் கடைசி வரியை மட்டும் வைத்துக்கொள்ளும்படி மாற்றினேன். பட்டன் அந்தக் கடைசி வரியைத்தான் கேட்கும். எஸ்.டி. என்று ஒரே எடை மூன்று முறை அடுத்தடுத்து வந்தால்தான் பச்சை விளக்கு.

தூரம் இன்னொரு தலைவலி. கணக்கு மேசைக்கும் மெஷினுக்கும் எட்டு மீட்டர் இருக்கும். முதலில் யூ.எஸ்.பி. நீட்டிப்பு கேபிள்களை ஒன்றோடு ஒன்று கோர்த்தேன், போர்ட் வந்து வந்து போனது. இந்த வேகத்து யூ.எஸ்.பி. கேபிளுக்கு 5 மீட்டர்தான் வரம்பு. ஆர்.எஸ்.232 பக்கமோ 15 மீட்டர் வரை வழக்கமாகவே ஓடும், அதுவும் 2400இல் கவலையே இல்லை. ஆக மேக்ஸ்3232 பலகையையும் சில்லையும் மேசைப்பக்கம் கொண்டுவந்து, நீளத்தை மெஷின் பக்கம் போட்டேன். தொலைபேசிக்கு இழுக்கிற உறையிட்ட கம்பி, சுவரோரமாக ஆணியடித்து.

மாடு ஒன்று உள்ளே வந்து மேசைக்கடியில் இருந்த கேபிளில் காலை விட்ட அன்று இன்னொன்று தெரிந்தது. நிரல் பழைய போர்ட்டைப் பிடித்துக்கொண்டே இருந்ததால், மறுபடி செருகியபோது அது டி.டி.ஒய்.யூ.எஸ்.பி.1 ஆகிவிட்டது. நிரல் 0வை வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. இதற்கு லினக்ஸில் பை-ஐடி என்கிற அடைவில் சில்லின் தொடர் எண்ணோடு நிலையான பெயர் கிடைக்கும். ஆனால் என் சி.எச்.340 பலகையில் தொடர் எண்ணே கிடையாது, இரண்டு பலகை செருகினால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். மாமாவிடம் இன்னொரு மெஷினும் இருப்பதால் யோசித்து எஃப்.டி.232ஆர் சில்லுக்கு மாறினேன். அதற்குள் தொடர் எண் எழுதியே வருகிறது.

அந்தச் சில்லை வாங்கும்போது மட்டும் கொஞ்சம் பயம். அதற்குச் சந்தையில் போலிகள் ஏராளம். 2014இல், அந்தச் சில்லைத் தயாரிக்கும் எஃப்.டி.டி.ஐ. நிறுவனத்தின் விண்டோஸ் டிரைவர், போலிச் சில்லுகளைக் கண்டால் அவற்றின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக மாற்றி எழுதிவிட்டது. விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த டிரைவர், வாங்கியவருக்குத் தன்னிடம் இருப்பது போலி என்றே தெரியாது, ஒரு காலையில் கருவி செத்துப்போயிருக்கும். பெரிய கூச்சல் எழுந்து பிறகு அதைத் திரும்பப் பெற்றார்கள். போலி செய்தவன்மேல் உள்ள கோபத்தை வாங்கினவன் தலையில் இறக்கியது எனக்கு இன்றைக்கும் நியாயமாகப் படவில்லை.

புதுச் சில்லு தன் பங்குக்கு ஒரு பாடம் வைத்திருந்தது. திரை உறைந்து நிற்கக்கூடாது என்று படிக்கும் நேர வரம்பை 10 மில்லி நொடி என்று வைத்திருந்தேன். பழைய பலகையில் ஓடியது, புதியதில் வரிகள் நாலு நாலு எழுத்தாக ஒடிந்து வந்தன. எஃப்.டி.232ஆர் ஒவ்வொரு எழுத்தாக அனுப்பாது. பொட்டலம் நிறைய வேண்டும், அல்லது லேட்டன்சி டைமர் (பொட்டலம் நிறையக் காத்திருக்கும் நேர வரம்பு) முடிய வேண்டும், அது இயல்பாக 16 மில்லி நொடி. 2400இல் ஒரு எழுத்துக்கு 4.17 மில்லி நொடி ஆகிறது, ஆக ஒவ்வொரு பொட்டலத்திலும் சுமார் நாலு எழுத்து. இரண்டு பொட்டலத்துக்கு நடுவே என் 10 மில்லி நொடி தீர்ந்து, கையில் இருக்கும் அரை வரியை வரி என்று நினைத்து எடுத்துக்கொண்டேன். அந்த டைமரை 1 வரை குறைக்க முடியும், பல பேர் அதைத்தான் சொல்வார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. வந்ததை எல்லாம் ஒரு பையில் போட்டு, எல்.எஃப். வந்தால் மட்டும் வெட்டி எடு என்று நிரலை மாற்றினேன். எழுத்து எப்படி ஒடிந்து வந்தாலும் இனிக் கவலையில்லை.

இப்போது ஒரு வரி கணக்கில் ஏற வேண்டுமென்றால் 18 பைட் இருக்க வேண்டும், பாரிட்டி சரியாக இருக்க வேண்டும், எஸ்.டி.யில் தொடங்க வேண்டும், எடை இருக்கிற இடத்தில் எடை இருக்க வேண்டும். எதையும் 'இக்னோர்' செய்வதில்லை. தள்ளுபடியான வரிகளைத் தனியாக எண்ணி வைக்கிறேன். முதல் வாரத்தில் ஒன்பது, அத்தனையும் யாரோ மெஷினை அணைத்துப் போட்ட நேரத்தில் வந்தவை.

கணக்குப்பிள்ளை இன்னும் நோட்டிலும் எழுதுகிறார். மாமா அதைத் தடுக்கவில்லை, நானும்தான். இப்போது சிட்டையை அச்சிட்டே கொடுத்துவிடலாமே என்று மாமா ஒரு தெர்மல் பிரிண்டர் வாங்கி வைத்திருக்கிறார், அதற்கும் பின்னால் அதே ஒன்பது பின் ஓட்டை. ஃபீட் பட்டனை அழுத்திக்கொண்டே ஆன் செய்தேன். 9600, எட்டு பிட், பாரிட்டி இல்லை என்று தன் ஜாதகத்தைத் தானே அச்சிட்டு நீட்டியது. மாமா அந்தத் துண்டுச் சீட்டைக் கிழித்து எடை மெஷினுக்கு முன்னால் ஆட்டிக் காட்டினார்.